பாஸ்வேர்டு போட்டதும் ஆக்சஸ் டேபிள்கள் திறக்கவில்லை

கேள்வி – மண்டபம் கணக்கு:
மீன் கம்பெனி அலுவலகம், 4 கணினி, மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸ் 2016. படகுவாரியாக நண்டு, கணவாய், இறால் எடை, டீசல், ஐஸ், அட்வான்ஸ் எல்லாம் ஷேர்டு ஃபோல்டரில் ஒரே டேட்டா ஃபைல். ஒவ்வொரு கணினியிலும் ஃபாரம் மட்டும் உள்ள முகப்பு ஃபைல். வேலையை விட்டுப் போனவரிடம் ஒரு காப்பி இருக்குமோ என்று டேட்டா ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டேன். இப்போது எந்த டேபிளைத் தொட்டாலும் 'நாட் எ வேலிட் பாஸ்வேர்டு' என்கிறது. விடிந்தால் படகு கரைக்கு வந்துவிடும், உதவுங்கள்.

கீழக்கரை:
சார், பாஸ்வேர்டில் தப்பு இல்லை. முகப்பு ஃபைலை டேட்டா ஃபைலோடு இணைக்கும் லிங்க் போட்ட நாளில் பாஸ்வேர்டு கிடையாது, அது இன்னும் வெறுங்கையோடு போய் நிற்கிறது. ஒரு கணினியில் முகப்பு ஃபைலைக் காப்பி எடுத்துவிட்டு, அம்புக்குறி போட்ட டேபிள்களை மட்டும் டெலீட் செய்யுங்கள். அழிவது லிங்க்தான், டேட்டா பத்திரமாக இருக்கும். பிறகு எக்ஸ்டர்னல் டேட்டாவில் ஆக்சஸ், அதில் லிங்க் என்பதைத் தேர்ந்தெடுத்து, கேட்கும்போது பாஸ்வேர்டைக் கொடுங்கள். பழைய லிங்கை அழிக்காமல் புதிதாகப் போட்டால் 'எடை' என்பது 'எடை1' ஆகிவிடும், ஃபாரம் எல்லாம் பழைய பெயரையே தேடும். சரியானதும் அந்த ஃபைலை மற்ற மூன்றிலும் போட்டுவிடலாம்.

தொண்டி:
இதோடு விட்டுவிடாதீர்கள். லிங்க் போட்டதும் அந்தப் பாஸ்வேர்டு முகப்பு ஃபைலுக்குள் பச்சையாக உட்கார்ந்திருக்கும். நேவிகேஷன் ஆப்ஷன்ஸில் சிஸ்டம் ஆப்ஜெக்ட்ஸைக் காட்டச் சொல்லி எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸ் (MSysObjects) டேபிளைத் திறந்து, 'கனெக்ட்' என்ற நெடுவரிசையைப் பாருங்கள்: 'பி.டபிள்யூ.டி.' (PWD, பாஸ்வேர்டின் சுருக்கம்) என்பதற்கு அடுத்தே இருக்கும். அதனால் முகப்பு ஃபைலையும் வேறு பாஸ்வேர்டில் என்கிரிப்ட் செய்ய (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்ற) வேண்டும்.

ஃபோல்டர் பெர்மிஷனில் 'எவ்ரிஒன்' இருந்தால் முதலில் எடுங்கள். ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு, அதற்கு மாடிஃபை உரிமை. ரீட் மட்டும் கொடுத்தால், பலர் சேர்ந்து திறக்கும்போது யார் எதைப் பூட்டியிருக்கிறார் என்று குறிக்கும் லாக் ஃபைலை ஆக்சஸால் உருவாக்க முடியாது, பதிவு ஏறாது. போனவருடைய கணக்கை இன்றே முடக்குங்கள். அவரிடம் ஏற்கெனவே இருக்கும் காப்பியை எந்தப் பாஸ்வேர்டும் பூட்டாது.

மண்டபம் கணக்கு:
லிங்க் வேலை செய்கிறது, நன்றி அண்ணே. டேட்டா ஃபைலை என்கிரிப்ட் செய்தபோது 'ரோ லெவல் லாக்கிங்' பற்றி ஏதோ எச்சரிக்கை வந்தது, ஓகே கொடுத்துவிட்டேன்.

தொண்டி:
அது முக்கியம். இனி ஒரு வரியை மட்டும் தனியாகப் பூட்டாது, 4 கேபி பக்கம் முழுவதையும் பூட்டும். ஒருவர் ஒரு படகின் எடையைத் திருத்தும்போது, பக்கத்து வரியைத் திருத்துபவருக்கு வழி அடைபடலாம். ஃபாரம் ப்ராபர்ட்டியில் ரெக்கார்ட் லாக்ஸ் 'எடிட்டட் ரெக்கார்ட்' என்றிருந்தால் 'நோ லாக்ஸ்' ஆக்குங்கள். ஒரே வரியை இருவர் திருத்தினால் மட்டும் 'ரைட் கான்ஃப்ளிக்ட்' கேட்கும்.

ஆளுக்கு ஆள் தனி உரிமை ஆக்சஸ் புது ஃபைல் வகையில் கிடையாது, 2007-லேயே எடுத்துவிட்டார்கள். அட்வான்ஸ் கணக்கை எல்லாரும் பார்க்கக் கூடாது என்றால் டேபிள்களை மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் சர்வரான எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றுங்கள். ஃபாரம் ஆக்சஸிலேயே இருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் எடைப் பதிவு இருக்காது, அப்போது மாற்றுவதுதான் சரி.