உங்க முதல் ரிவால்வர் அனுபவம் என்ன? டெல்லி நண்பர்கள் எழுதுங்க

மயூர் விஹார் கணக்கன் (46)

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு துக்ளகாபாத் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போயிருந்தேன். அவளுக்கு 14 வயசு, பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். என் வேலை தண்ணி பாட்டிலையும் பையையும் காவல் காப்பது. 1982 ஆசியாடு, அதாவது ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டின இடம். அந்தக் காலத்திலிருந்தே வந்துபோகிற பெரியவர்கள் சிலர் இன்னமும் வருகிறார்கள். 25 மீட்டர் பக்கம் அப்படி ஒருவர், எழுபத்தைந்துக்குக் குறையாது. சுற்றிலும் எல்லார் கையிலும் கைக்கு அளவெடுத்துச் செதுக்கிய மரப்பிடியோடு இத்தாலி, ஜெர்மனி பிஸ்டல். இவர் கையில் மட்டும் நீலப் பூச்சு தேய்ந்துபோன பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்.

சென்டர் ஃபயர் என்கிற 25 மீட்டர் போட்டிக்கான பயிற்சி, மொத்தம் 60 குண்டு. முதல் 30 நிதானமாக, ஐந்து நிமிஷத்துக்கு ஐந்து. அடுத்த 30-இல் இலக்கு மூன்று விநாடி முகம் காட்டும், ஏழு விநாடி மறையும். காட்டுகிற மூன்று விநாடிக்குள் ஒரே ஒரு குண்டு. பிஸ்டல்காரர்களுக்கு அடுத்த தோட்டா தானே ஏறிவிடும். இவர் அந்த ஏழு விநாடியில், கையைத் தாழ்த்தி வைத்தபடியே, கட்டைவிரலால் குதிரையை (தோட்டாவை அடிக்கிற பின்பக்கச் சுத்தியல்) பின்னுக்கு இழுக்கிறார். தோட்டா அறைகள் உள்ள உருளை ஒரு அறை திரும்பி நிற்கிறது. இலக்கு திரும்புகிறது, கை எழுகிறது, டப். மறுபடி கட்டைவிரல். அம்மி அரைக்கிற மாதிரி ஒரு லயம்.

முடித்துவிட்டு உருளையைத் திறந்து என் மகளிடம் காட்டினார். "ஆறு அறை இருக்கு, அஞ்சு தோட்டாதான் போட்டேன். ஏன் சொல்லு?" ஒரு சீரிஸுக்கு அஞ்சு ஷாட்தானே என்றாள். "அது இன்னைக்கு உள்ள காரணம். 1873 கோல்ட் மாதிரி பழசுல குதிரைக்குக் கீழ ஒரு அறையை எப்பவும் காலியா விடுவாங்க. கை தவறிக் கீழ விழுந்தாலும் வெடிக்காது பாரு."

இதுவரை எத்தனை ஆயிரம் குண்டு சுட்டிருப்பீர்கள் என்று கேட்டேன். "சுட்டதைவிடத் திறந்து மூடினதுதான் அதிகம்" என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மண்டையில் ஓடிக்கொண்டே இருந்ததால்தான் இந்தத் திரி. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

லக்ஷ்மி நகர் பேச்சிலர் (31)

அண்ணே, நமக்கு எல்லாம் தீபாவளி ரிவால்வர்தான். சிவப்பு பிளாஸ்டிக் ரிங் கேப், எட்டு பொட்டு. சுருள் கேப் வச்ச துப்பாக்கி ரெண்டாவது வெடியிலேயே சுருள் சிக்கிக்கும், ரிங் கேப் சிக்காது. பிஸ்டலுக்கும் ரிவால்வருக்கும் உள்ள வித்தியாசத்தை ஏழு வயசுலயே படிச்சாச்சு. இங்க டெல்லியில பட்டாசுக்கே பல வருஷம் தடை இருந்துச்சு, அந்த வாசனையைக் கூட மறந்துட்டேன்.

பாலம் சுபேதார் (71)

எல்லோருக்கும் வணக்கம். ரிவால்வர் என்கிற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது 1967 ஜனவரி 12-ஆம் தேதி சம்பவத்துக்கு மறுநாள். எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டுவிட்டார் என்று எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்க, தெருவே அழுதது. வேலூர் பக்கம் கிராமம், எனக்குப் பதின்மூன்று வயசு. நானும் அழுதேன். ஆனால் அது எப்படி இருக்கும், எப்படிச் சுற்றும் என்ற யோசனையும் கூடவே ஓடியது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது.

ஐந்து வருஷம் கழித்துப் பட்டாளத்தில் சேர்ந்தேன், ஆர்மரர் டிரேடு, அதாவது துப்பாக்கி பழுதுபார்க்கிற வேலை. பயிற்சி மேஜையில் வைத்தது .38 அளவு என்ஃபீல்டு நம்பர் 2 ரிவால்வர். கட்டைவிரலால் பூட்டை அழுத்தினால் குழல் முன்னால் மடிந்து திறக்கும், நடுவிலிருந்து நட்சத்திரம் போல ஒரு தகடு மேலெழுந்து ஆறு காலித் தோட்டாவையும் ஒன்றாகத் தூக்கிவிடும். வாழைத்தார் வெட்டின மாதிரி எல்லாம் மொத்தமாக வரும். பயிற்சி கொடுத்த உஸ்தாத் எங்களை அன்றைக்கு ஒரு குண்டுகூடச் சுட விடவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு திறந்து மூடச் சொன்னார், அவ்வளவுதான். சில துப்பாக்கியில் குதிரைக்குக் கொம்பே இருக்காது. டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது எங்கேயாவது மாட்டிக்கொள்ளும் என்று அறுத்துவிட்ட மாடல் அது. அதைக் கட்டைவிரலால் இழுக்க வழியில்லை, ஒவ்வொரு தடவையும் விசையை முழு பலத்தோடு இழுக்கணும். துடைக்கிற துணிக்குப் பட்டாளத்தில் ‘சிந்தி’ என்று பெயர். நான் முதல் நாள் அது ஏதோ ஆள் பேர் என்று நினைத்துத் தேடப் போய்விட்டேன்.

ரிட்டையர் ஆனதும் லைசென்ஸ் எடுத்து ஒரு கான்பூர் .32 வாங்கினேன். .38, .455 எல்லாம் தடை செய்த அளவு, நமக்குக் கிடைக்காது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை போடுகிற .32, பழைய வெப்லி மாதிரியே மடிந்து திறக்கும். கை பழகின சங்கதி, அதனால் பிடித்தது. பக்கவாட்டில் உருளை திறக்கிற ‘பிரபல்’ என்று புதுசு 2023-இல் வந்திருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு வேண்டாம்.

தொல்லை என்னவென்றால் தேர்தல். லோக்சபா, சட்டசபை, கார்ப்பரேஷன், ஒவ்வொன்றுக்கும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கணும். வீட்டம்மா மஞ்சப்பையில் போட்டுக் கொடுப்பாள், காய்கறி வாங்கப் போகிறவன் மாதிரி நடந்து போவேன். ஒரு மழைக்காலம் ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வந்தபோது உருளை சுற்றவில்லை. உள்ளே செம்பழுப்பு. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. பேரன் கூட உட்கார்ந்து மூன்று மணி நேரம் துடைத்தோம், அவனுக்கு ஒன்பது வயசு. அறையை ஒவ்வொன்றாக எண்ணி ஆறு என்றான், மறுபடி எண்ணினான். அவனும் மாட்டிக்கொண்டான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆர்.கே.புரம் ஜூனியர் (19)

அங்கிள், சூப்பர். நான் 25 மீட்டர் .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டல். உண்மையைச் சொல்றேனே, ரிவால்வர்னா எனக்குத் தாத்தா காலத்து ஸ்கூட்டர் மாதிரிதான். ஒரு தடவை எங்க கோச் அவரோட ரிவால்வரைக் காலி பண்ணிக் காட்டிட்டுக் கையில குடுத்தார். எங்க போட்டியில விசைக்குக் குறைஞ்சபட்ச எடை 1000 கிராம், விரல் அதுக்கே பழகிப்போச்சு. இதுல குதிரையை இழுக்காம நேரா விசையை இழுத்தா கை முழுக்க நடுங்குது, குழல் நுனியில இருக்கிற முன்குறி அப்பளக் கடையில நிக்கிற ஈ மாதிரி ஆடுது. அதையே நிலையா வச்சு இழுக்கக் கத்துக்கிட்டா ஒரு கிலோ விசை ஒண்ணுமே இல்லன்னார். ரெண்டு வாரம் காலியா வச்சே இழுத்தேன். ஸ்கோர் ஏறிச்சு, அதை ஒத்துக்கிறேன்.

இன்னொண்ணு. டோக்கியோ ஒலிம்பிக்ல மனு பாக்கருக்குப் போட்டி நடுவுல பிஸ்டல் பழுதாகி நிமிஷக் கணக்கா நேரம் போச்சே, அன்னைக்கு ரேஞ்சுல இருந்த பெருசுங்க எல்லாம் ஒரே குரல்ல "எங்க ரிவால்வர் இப்படிப் பண்ணுமா"ன்னாங்க. செம கோபம் வந்துச்சு. பாரிஸ்ல அதே அக்கா அதே மாதிரி பிஸ்டலோட ரெண்டு வெண்கலம் வாங்கினப்ப நான் போய் நின்னு ஸ்வீட் குடுத்தேன், வேணும்னே.

2014-ல பெண்களுக்குன்னு ‘நிர்பீக்’ ரிவால்வர் வந்துச்சு இல்லையா, அரைக் கிலோ எடை, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல. எந்தப் பொண்ணு அவ்வளவு பணத்தோட ராத்திரி பஸ் ஸ்டாப்புல நிப்பா? எனக்கு லைசென்ஸுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, 21 ஆகணும். ஆனா வாங்கினா... தெரியல, சுபேதார் அங்கிளோட மடிச்சுத் திறக்கிறதைக் கேட்டதும் கொஞ்சம் ஆசையா இருக்கு.

கரோல் பாக் பிழைதிருத்தி (58)

ஒரு சின்னத் திருத்தம், யாரும் கோபப்பட வேண்டாம். தமிழில் எழுதுகிறவர்கள் எல்லாக் கைத்துப்பாக்கியையும் ரிவால்வர் ஆக்கிவிடுகிறோம். 1911 ஜூன் 17 மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல், உருளை கிடையாது. அதே சமயம் ‘குதிரை’ என்பது நல்ல பழைய தமிழ் வழக்கு. இந்திக்காரர்களும் ‘கோடா’ என்கிறார்கள், பம்பாயில் துப்பாக்கிக்கே அதுதான் பேர். திரி தொடங்கிய நண்பருக்கு: அந்தப் பெரியவர் ரிவால்வரில் போட்டதும் பக்கத்தில் இத்தாலி பிஸ்டலில் போட்டதும் அநேகமாக ஒரே .32 லாங் தோட்டாதான். தட்டை மூக்கு, காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமாக ஓட்டை விழும். ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசியாடில் 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இதே சென்டர் ஃபயர் போட்டியில். மனு பாக்கரின் கோச் அவர்தான். எண்பதுகளின் நடுவில் இறக்குமதியை நிறுத்தியபின் இங்கே பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்குச் சொல்கிற விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

முனிர்க்கா மாமி (68)

சிரிக்காதீங்கோ, எங்காத்துலேயும் ஒண்ணு இருக்கு. மாமனார் கல்கத்தாவில் உத்தியோகம் பார்த்தப்போ வாங்கின வெப்லி .32. அவருக்கப்புறம் எங்காத்துக்காரருக்கு வந்தது. நாற்பது வருஷத்துல அவர் சுட்டது மொத்தம் பன்னிரண்டு தடவை, நானே எண்ணினேன். ஆனா மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பேப்பரை விரிச்சுண்டு, எண்ணெய் பாட்டிலோட உக்காந்துடுவார். அன்னிக்கு மட்டும் காபி கேக்க மாட்டார்.

எனக்கு அந்தப் பக்கமே போகப் பிடிக்காது. பாக்பத் பக்கம் ஜோஹ்ரி கிராமத்துல சந்திரோ தோமர்னு ஒரு பாட்டி, பேத்தியைத் துப்பாக்கி கிளப்புல விடப்போய், அறுபத்தஞ்சு தாண்டின வயசுல தானே சுட ஆரம்பிச்சாளாம். அதைப் படிச்சுட்டு ஒரு வீம்புல நானும் ஏர் பிஸ்டல் கத்துண்டேன், என் 58-வது வயசுல. அவர் அசந்துட்டார். அதுக்கப்புறம் மாசாந்திரத் துடைப்புக்கு ரெண்டு பேரும் உக்காந்தோம்.

அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. போன மறுவாரமே துப்பாக்கியை டீலர்கிட்ட ஒப்படைக்கணும்னா, ஒப்படைச்சேன். வாரிசுன்னு என் பேருக்கு மாத்த மனு போட்டு மூணு வருஷம் அலைஞ்சேன். எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன். ஒரு ஜன்னல்ல "மாதாஜி, வித்துடுங்க"ன்னான், அடுத்த ஜன்னல்ல ஃபைலையே காணோம்னான். அப்புறம்தான் தெரிஞ்சது, 70 வயசானாலோ 25 வருஷம் வச்சிருந்தாலோ உயிரோட இருக்கும்போதே வாரிசுக்கு மாத்திக் கொடுக்கலாம்னு 2016 ஆயுத விதிகள்லயே இருக்காம். அவருக்குத் தெரிஞ்சிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார், அது வேற.

இப்போ ஒரு சந்தேகம், சுபேதார் சார். ஆயுத பூஜைக்கு அதையும் அரிவாள்மணை, கத்திரிக்கோலோட வச்சு சந்தனம் குங்குமம் இடுவோம், மாமனார் காலத்துலேர்ந்து. உருளை மேல பொட்டு வச்ச இடம் வட்டமா, மஞ்சாடி அளவுக்குக் கறுத்துப் பள்ளமா இருக்கு. தேய்ச்சாப் போகுமா?

பாலம் சுபேதார் (71)

ஐயோ மேடம், சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறதே! இரும்பைத் தின்றுவிடும். அந்தக் குழி இனிப் போகாது, தேய்க்கப் போனால் இருக்கிற பூச்சும் போய்விடும். எண்ணெய் மட்டும் போடுங்கள். இனிமேல் பொட்டே வேண்டாம்.

முனிர்க்கா மாமி (68)

போகாட்டா இருக்கட்டும், அது அறுபது வருஷப் பொட்டு. ஆனா ஒண்ணுமே இடாம எப்படி விடறது? தோல் உறை மேல வைக்கலாமா?

பாலம் சுபேதார் (71)

உறையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மேடம். உறைக்குள் வைத்தே பூட்டாதீர்கள். வேண்டுமானால் லைசென்ஸ் புத்தகத்துக்குப் பொட்டு வையுங்கள்.

முனிர்க்கா மாமி (68)

மூணு வருஷமாச்சே அது கிடைக்க. அதுக்கு முதல் பொட்டு ஏற்கெனவே வச்சாச்சு.