சொல் வேண்டல்: வழங்குநர் குறைப்பா, வழங்குநர் கவாத்தா?

அன்பின் குழுமத்தாருக்கு,

கொள்முதல் கையேட்டில் ‘சப்ளையர் ரேஷனலைசேஷன்’ (நமக்குப் பொருள் தருவோர் பட்டியலை ஆராய்ந்து, தேவையானவர்களை மட்டும் வைத்துக்கொள்வது) என்பதற்கு இதுவரை வந்தவை: வழங்குநர் பகுத்தறிவாக்கம், வழங்குநர் சீரமைப்பு, வழங்குநர் குறைப்பு. முதலாவதை விட்டுவிடலாம். ‘சீரமைப்பு’ சாலைக்கும் குளத்துக்கும் போய்விட்ட சொல்.

‘குறைப்பு’ ஆளைத் தவறான வேலைக்கு அனுப்பும். வேலை எண்ணிக்கையில் தொடங்குவதில்லை. முதலில் பட்டியலைப் பான் எண் வாரியாக அடுக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் 3 முதல் 12 வரை பான் எண்தான். ஒரே நிறுவனம் இரு மாநிலப் பதிவோடு இரண்டு வழங்குநராக உட்கார்ந்திருப்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து, பொருள்வாரி ஆண்டுச் செலவு. பிறகு, சரக்கு எந்த ஆலையிலிருந்து வருகிறது? பேரிங் தரும் மூன்று டீலர்களுக்கும் ஆலை ஒன்றே என்றால், நம்மிடம் இருப்பவை மூன்று விலைப்புள்ளிகள்; ஊற்று ஒன்றுதான்.

1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியாவில் ஐசின் என்ற உதிரிபாக நிறுவனத்தின் ஆலை எரிந்தது. பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் சிறு வால்வுக்கு டொயோட்டா ஏறக்குறைய முழுக்க அந்த ஆலையையே நம்பியிருந்தது. கையிருப்பு மிகச் சொற்பம். கார் உற்பத்தி நாள்கணக்கில் நின்றது.

ஆகவே என் பரிந்துரை ‘வழங்குநர் கவாத்து’. கவாத்து என்றால் செடி நன்றாகத் தழைக்கக் கிளைகளை வெட்டிவிடுவது. மல்லிகையை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டுகிறார்கள். எவ்வளவு நிற்க வேண்டும் என்பதுதான் அங்கே அளவு.

—

> என் பரிந்துரை ‘வழங்குநர் கவாத்து’

ஏற்கிறேன், ஐயா. தோட்டத்தில் புழங்கும் சொல், விளக்கம் தேவைப்படாது. கூடவே இரண்டு சொற்களைப் பிரித்தாக வேண்டும். சந்தையிலேயே ஒருவர்தான் என்றால் ‘ஏக வழங்குநர்’. பலர் இருந்தும் நாமே ஒருவரோடு நின்றால் ‘ஒருதெரிவு வழங்குநர்’. இரண்டையும் ‘ஒற்றை வழங்குநர்’ என்று எழுதினால் கோப்பில் குழப்பம் வரும்: முன்னதற்குக் கூடுதல் இருப்போ மாற்று வடிவமைப்போதான் வழி; பின்னதில் 80:20 என்று ஆர்டரைப் பிரித்து இரண்டாமவரைப் பழக்கத்தில் வைத்திருக்கலாம்.

இன்னொன்று. விலக்கப்படுபவரிடம் நம் டை (பாகத்தை அழுத்தி உருவாக்கும் அச்சு) இருக்கும். அதை வாங்கி, புதியவரின் பிரஸ்ஸில் ஏற்றி, முதல் மாதிரி அளவில் தேறும்வரை உற்பத்தி ஓட முன்கூட்டியே பாகம் சேர்த்து வைக்க வேண்டும். பழையவரின் கடைசி ஆர்டர் அதற்குத்தான். கவாத்து பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில். இந்த இருப்புக்கு ‘இடைமாற்று இருப்பு’ பொருந்துமா?