பொருள்: நாள் அபராதமா, நாள்வருவாய்த் தண்டமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

குற்றவாளியின் வருவாய்க்கேற்பத் தொகை மாறும் ஒரு தண்டமுறை பின்லாந்தில் 1921 முதல் இருக்கிறது; ஆங்கிலத்தில் day-fine என்பார்கள். அதைத் தமிழில் சொல்ல "நாள் அபராதம்" போதும் என்று நம் குழுவில் ஐயா எழுதியிருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நூலகப் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பினால் நாளுக்கு இவ்வளவு என்று ஏறுமே, அதைத்தான் நம் வாசகர் நினைப்பார். இந்த முறையில் நாள் என்பது தாமதத்தின் கணக்கே இல்லை, வருவாயின் அளவுகோல்.

ஜெர்மனியில் நீதிபதி முதலில் குற்றத்தின் கடுமையைப் பார்த்து 5 முதல் 360 வரை எத்தனை நாள் என்று ஓர் எண்ணைத் தீர்மானிக்கிறார். ஒரு நாளுக்கான தொகையை அதன்பிறகு அவரவர் நிகர வருவாயிலிருந்து கணக்கிடுகிறார். ஒரே குற்றத்துக்கு 30 என்று விதித்தால், மாதம் 1,500 யூரோ பெறுபவர் 1,500 கட்டுவார். 6,000 பெறுபவர் 6,000 கட்டுவார். இருவருக்கும் வலிப்பது ஒரு மாத உழைப்பு. ஏழைக்கு இடியாகவும் செல்வருக்குச் சில்லறையாகவும் இருக்கும் ஒரே தொகையைவிட இது எவ்வளவோ நேர்மையானது. அந்த நேர்மை சொல்லிலும் தெரிய வேண்டாமா?

ஆகவே முறைக்கு "நாள்வருவாய்த் தண்டம்", ஒரு நாளுக்கான தொகைக்கு "நாள்வீதம்".

நீதிபதி விதிக்கும் அந்த எண்ணிக்கைக்குத் "தண்டநாள்" என்று முதலில் நினைத்தேன், கைவிட்டேன். ஜெர்மனியில் பணம் கட்டாதவர் சிறை செல்ல நேரும். 2024 பிப்ரவரி முதல், கட்டாத இரண்டு நாள்வீதத்துக்கு ஒரு நாள் சிறை. "40 தண்டநாளுக்கு 20 சிறைநாள்" என்று எழுதினால் யாருக்கு விளங்கும்? "அலகு" என்போம். இங்கிலாந்து 1992இல் தொடங்கி அடுத்த ஆண்டே கைவிட்ட இதே போன்ற முறைக்கும் அந்தச் சொல் பொருந்தும்.

---

வணக்கம் அண்ணா.

அலகும் நாள்வீதமும் நன்று. ஆனால் தமிழ்நாட்டுப் பேச்சில் "தண்டம்" என்றால் வீண் என்றாகிவிட்டது; தண்டச்சோறு என்கிறார்களே! இலங்கையில் நீதிமன்றச் செய்திகளில் "தண்டப்பணம்" என்றே எழுதுகிறோம், குழப்பமில்லை. நாள்வீதம் தனியே இருப்பதால் முறையின் பெயரில் நாள் வேண்டியதில்லை. வெறும் "வருவாய்" என்றால் வருவாய்த்துறை நினைவுக்கு வரும். "வருவாய்வழித் தண்டப்பணம்" எப்படி?

எழுதிப் பார்த்தேன்: "அவருக்கு 40 அலகு வருவாய்வழித் தண்டப்பணம் விதிக்கப்பட்டது, நாள்வீதம் 50 யூரோ, மொத்தம் 2,000."