பின் சக்கரம் மட்டும் திரும்பத் திரும்ப பஞ்சர்: ரிம்தான் காரணமா?

இரண்டு வாரத்தில் இது மூன்றாவது பஞ்சர். மூன்றும் பின் சக்கரத்தில், ஏறக்குறைய ஒரே இடத்தில். வீட்டிலேயே ஒட்டி ஒட்டி அலுத்துவிட்டது.

கியர் இல்லாத சாதாரண சைக்கிள். டயர் 26 அங்குலம், அகலம் 1.95. அலுமினிய ரிம். டயரும் ட்யூபும் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஓட்டை எப்போதும் ட்யூபின் உள்பக்கத்தில், அதாவது ரிம்மைத் தொடும் பக்கத்தில், வால்வுக்கு நேர் எதிரே விழுகிறது. ஊசிமுனை அளவுதான். காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்தில் இடித்தால் பாம்பு கடித்த மாதிரி ஜோடி ஓட்டை வருமே, அது இல்லை.

ஒட்டுவதில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, 5 நிமிடம் காயவிட்டுத்தான் பேட்ச் வைத்தேன். வாளித் தண்ணீரில் முக்கினால் ஒரு குமிழிகூட இல்லை. வெளியே வைத்தால் இரவு முழுக்கக் காற்று அப்படியே நிற்கிறது. சரி என்று மாட்டி ஓட்டினால், நாலைந்து நாளில் பழைய பேட்சுக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை! டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றிலும் துடைத்துப் பார்த்தேன், முள்ளோ கம்பியோ சிக்கவில்லை. ஸ்போக்ஸ் முனைகளும் நீட்டிக்கொண்டு இல்லை. ரிம்முக்கும் ட்யூபுக்கும் நடுவே சுற்றியிருக்கும் ரிம் டேப்பையும் மாற்றியாயிற்று.

நேற்று அந்த டேப்பை உரித்துவிட்டு விரலால் தடவியபோது, ரிம்மின் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் லேசாக ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. அதுவும் வால்வுக்கு நேர் எதிரேதான்.

அந்த விளிம்பை அரத்தால் தேய்த்து மட்டமாக்கலாமா, இல்லை அதன் மேல் தடித்த டேப் ஒட்டினாலே போதுமா?