மறு: "மின்வினையூக்கி", "ஒடுக்கம்" – வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

கோவை:
வணக்கம். அறிவியல் நாளுக்கான எங்கள் மாணவியரின் சுவரொட்டி வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. நானோ தங்கத் துகள் பூசிய மின்முனையில் கார்பன் டை ஆக்சைடு மோனாக்சைடாக மாறுவதுதான் பொருள். ஆங்கிலத்தின் reduction-ஐ ஒடுக்கம் என்றும் electrocatalyst-ஐ மின்வினையூக்கி என்றும் கொண்டு, "கார்பன் டை ஆக்சைடு ஒடுக்கத்துக்கான மின்வினையூக்கி" என்று எழுதினேன். படித்துப் பார்த்த அலுவலக உதவியாளர், "புகையை ஒடுக்குற மெஷினாம்மா?" என்றார். "குறைப்பு" என்றால் இன்னும் மோசம், வாயுவின் அளவைக் குறைப்பதாகிவிடும். கைகொடுங்கள்.

யாழ்ப்பாணம்:
நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே "தாழ்த்தல்" எண்டுதான் படிச்சம். அணு இழந்த இலத்திரனைக் காட்டுற ஒட்சியேற்ற எண் தாழுது, சொல்லும் அதையே சொல்லுது. "ஊக்கி" எண்டாலே போதும், "வினை" என்னத்துக்கு?

மதுரை:
ஒடுக்கத்தைக் கைவிடாதீர்கள். சைவ சித்தாந்தத்தில் ஒடுக்கம் அழிவல்ல, தோன்றிய இடத்துக்கே திரும்புவது. தாதுவிலிருந்து உலோகம் மீள்வதும் அதுதானே? ஆங்கில reduction-இன் இலத்தீன் மூலத்துக்கும் "திரும்பக் கொணர்தல்" என்றே பொருள். நிற்க. "நானோ" கிரேக்கத்தில் குள்ளன். வாமனனைக் குறள் என்ற மொழிக்கு நானோ எதற்கு? பொன் இருக்கத் தங்கம் எதற்கு? "குறட்பொன் துகள்" என்க.

சென்னை:
ஐயா, புணர்ச்சியை விட்டுவிட்டீர்களே! பொற்றாமரை போலப் பொன்+துகள் பொற்றுகள். குறள்+துகள் குறட்டுகள். சுவரொட்டியைப் பார்ப்பவர் குறடு விற்கும் இரும்புக்கடை விளம்பரம் என்று நினைப்பார்.

காரைக்குடி:
நான் மின்வேதியியல்காரன். மின்+வினையூக்கி என்று பிரித்தால் கரண்டில் ஓடும் வினையூக்கி போலிருக்கிறது. மின்வினை+ஊக்கி என்று பிரியுங்கள்: மின்முனையில் நடக்கும் வினையை ஊக்குவது. எலக்ட்ரானைத் தருவது எதிர்மின்வாய். தங்கம் வினைக்கு இடம் கொடுக்கிறது. மோனாக்சைடு உருவானதும் தங்கம் அதை இறுகப் பிடிக்காமல் விட்டுவிடுகிறது. செம்பு அப்படி விடாது, மீத்தேன், எத்திலீன் வரை இழுத்துப்போகும். யாழ்ப்பாணத்து நண்பருக்கு: இங்கே வெறும் "ஊக்கி" என்றால் உரக்கடைப் பயிர் ஊக்கிதான் நினைவுக்கு வரும். ஒடுக்கத்துக்குப் பதில் "எலக்ட்ரான் ஏற்பு" என்று போட்டுவிடலாமே?

மதுரை:
எலக்ட்ரான் தமிழா?

யாழ்ப்பாணம்:
இலத்திரன் எண்டு போடுங்கோ.

சென்னை:
அதுவும் கிரேக்கம்தான், வேட்டி கட்டியிருக்கிறது.

கோவை:
நேற்று துகள் தயாரித்தோம். கொதிக்கும் பொன் உப்புக் கரைசலில், எலக்ட்ரான் தரும் சிட்ரேட்டை ஊற்றியதும் வெளிர்மஞ்சள் மறைந்து, கொஞ்சம் கருத்து, பிறகு மாதுளைச் சாறாகச் சிவந்தது. ஒரு மாணவி கேட்டாள்: "மேம், இங்க தங்க அயனியே ஒடுங்குது. அப்புறம் அந்தத் தங்கம் வாயு ஒடுங்க உதவுது. ரெண்டுக்கும் ஒரே சொல்லா?" ஒரே சொல்தான் என்றேன். "எலக்ட்ரான் ஏற்பு" இரண்டுக்கும் பொருந்துகிறது, ஆனால் தலைப்பில் நீள்கிறது. பாடநூலில் உள்ள "ஒடுக்கம்" தலைப்பில் இருக்கட்டும்; அடியில் "எலக்ட்ரானை ஏற்று மாறுதல்" என்று ஒரு வரி. "மின்வினையூக்கி" சேர்த்தே எழுதுகிறேன், பிரிப்பது அவரவர் பாடு. நானோவும் தங்கமும் அப்படியே. மூன்று பேர் சரி என்று தனிமடல் போட்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணம்:
அச்சடியுங்கோ. எங்கட பிள்ளையள் பார்த்தால் என்ன ஒடுங்குது எண்டு கேட்பினம்.

மதுரை:
பொற்றுகளுக்கு ஒரு வாக்கு. பதிவாகட்டும்.