சித்தியின் அழைப்பும் ஒரு கயோட்டியும்

குழு: வாழப்பாடிச் சொந்தங்கள்
ஞாயிறு இரவு, 19 ஜனவரி 2025, ரீனோ, நெவாடா மாநிலம், அமெரிக்கா (ஊரில் திங்கள் காலை)

அம்மா: கண்ணு, நண்பரோடு வேட்டைக்குப் போகிறேன் என்று வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வரி எழுதிவிட்டு இரண்டு நாள் பேச்சு மூச்சு இல்லாமல் இருந்தால் எனக்கு இங்கே சோறு எப்படி இறங்கும்? வந்து சேர்ந்துவிட்டாயா?

நான்: வந்துவிட்டேன், அம்மா. ரீனோவுக்கு வந்து, குளித்து, விளக்கேற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன். நாங்கள் போனது 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறத்தாழ 265 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வின்னமக்கா என்ற ஊரின் பக்கம் உள்ள பொது நிலம். சாலையை விட்டு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது.

பெரியப்பா: நீ துப்பாக்கியைத் தொட்டாயா என்பதை முதலில் சொல். எதை வேட்டையாடினீர்கள் என்பதைப் பிறகு சொல். இரண்டையும் முழு வாக்கியங்களில் சொல். பொம்மை முகங்களை அனுப்பிப் பதில் சொன்னதாக நினைத்துக்கொள்ளாதே. பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு எனக்கு மிச்சம் இருப்பது இந்தக் குழுதான்.

நான்: தொடவில்லை, பெரியப்பா. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது இந்நாட்டின் மத்தியச் சட்டம். வேட்டை உரிமம் பெற்றவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் நெவாடாவில் கயோட்டியைச் சுட வேட்டை உரிமமே தேவையில்லை என்பதால் நான் உரிமம் எதுவும் எடுக்கவில்லை. எடுக்காதபோது அந்த விலக்கும் எனக்கு இல்லை. ஆகவே நண்பரின் தோட்டாப் பெட்டியைக்கூட நான் தூக்கவில்லை. தண்ணீர்க் குடுவையையும் ஒலிபெருக்கியையும் மட்டும் சுமந்தேன்.

மாமா: கயோட்டி என்பது நம் ஊர் நரிதானே?

நான்: நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒன்று, மாமா. பார்வைக்கு நம் ஊர் நரியைப் போல இருந்தாலும் ஓநாய்க்குத்தான் நெருங்கிய உறவு. மெக்சிகோவின் பழைய நாவாட்ல் மொழியில் ‘கோயோட்ல்’ என்ற சொல்தான் ஸ்பானியர்கள் வழியாக இப்படி ஆனது. இங்குள்ள பழங்குடிக் கதைகளிலும், நம் பாட்டி சொன்ன நரியைப் போலவே, ஊரை ஏமாற்றிக் கடைசியில் தானே மாட்டிக்கொள்ளும் வேடம் அதற்குத்தான்.

மாமா: நரிக்குப் பெரியதனம் கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும் என்பார்கள். அங்கேயும் ஆட்டுக்காரர்களுக்கு அதே பாடுதானா?

நான்: அதே பாடுதான். குட்டி ஈனும் பருவத்தில் செம்மறிக்கிடைக்குப் பெரிய இழப்பு கயோட்டியால்தான்.

அண்ணன்: நில அளவைத் துறைக்காரனுக்கு ஒரு சந்தேகம். பொது நிலம் என்கிறாய்; நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரியா? யார் வேண்டுமானாலும் துப்பாக்கியோடு நுழையலாமா?

நான்: ஏறக்குறைய புறம்போக்குதான், அண்ணா. ஆனால் அளவைக் கேட்டால் உங்களுக்கு மயக்கம் வரும். பி.எல்.எம். என்று இங்கே சொல்லும் நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் நெவாடா மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 4.8 கோடி ஏக்கர் இருக்கிறது. நம் தமிழ்நாடு முழுவதையும் அளந்தால் 3.2 கோடி ஏக்கர்தான் வரும். அதில் கூடாரம் போடலாம், ஒரே இடத்தில் பதினான்கு நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம், வேட்டையாடலாம். மாட்டுக்காரர்கள் கட்டணம் கட்டி மேய்க்கலாம்; 2024-இல் அது ஒரு மாட்டுக்கும் கன்றுக்கும் மாதம் 1.35 டாலராக இருந்தது. மேய்ச்சல் கட்டணம் அத்தனை மலிவு என்பதில் இங்கே பெரிய சண்டையே உண்டு.

அண்ணன்: அப்படியானால் தனியார் நிலம் எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? கல் நட்டிருக்கிறார்களா?

நான்: அந்தக் கேள்விதான் வெள்ளி இரவு முழுவதும் எங்களை உட்கார வைத்தது. 1862-இல் போட்ட ரயில்வேச் சட்டத்தில், தண்டவாளம் போடும் கம்பெனிக்குக் கூலியாகப் பாதையின் இரு பக்கமும் ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் நிலம் கொடுத்தார்கள். 1864-இல் அதை ஒவ்வொரு பக்கமும் இருபது மைல் அகலத்துக்கு விரித்தார்கள். அதனால் இன்றும் அந்தப் பகுதியின் வரைபடம் சதுரங்கப் பலகை போலவே இருக்கிறது. ஒரு கட்டம் அரசுடையது, அடுத்த கட்டம் தனியாருடையது, ஒவ்வொன்றும் 640 ஏக்கர். தரையில் பார்த்தால் வேலியும் இல்லை, வரப்பும் இல்லை, எல்லாம் ஒரே புதர்க்காடு. நண்பர் தம் கைப்பேசியில் நில உரிமையைக் காட்டும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தார். நம் புலப்படத்தையும் பட்டாவையும் ஒன்றாக ஒட்டி, நாம் நிற்கும் இடத்தில் ஒரு நீலப் புள்ளியும் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. கம்பத்தில் பளிச்சென்று ஆரஞ்சு வண்ணம் பூசியிருந்தால் உள்ளே வராதே என்று பொருள். ஒரு முறை நாங்கள் உட்கார நினைத்த மேடு தனியார் கட்டத்துக்குள் நாற்பது அடி போயிருந்தது; அவர் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து திரும்பி நடந்தார்.

பெரியப்பா: அந்த நாற்பது அடி எனக்குப் பிடித்திருக்கிறது. இனி வேட்டையைச் சொல்.

நான்: சனிக்கிழமை விடியும் முன், பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரிக் குளிரில், வண்டியை மேட்டுக்குப் பின்னால் மறைத்துவிட்டுக் கதவை அறையாமல் சாத்தி, அரை மைல் நடந்தோம். எங்கே பார்த்தாலும் முழங்கால் உயரச் சாம்பல் நிறப் புதர். அதன் இலையைக் கசக்கி முகர்ந்தபோது எனக்குச் சட்டென்று அம்மாவின் பூக்கூடை நினைவு வந்தது. அது மரிக்கொழுந்தின் இனமாம்; வாசம் கொஞ்சம் காரம், அவ்வளவுதான் வேறுபாடு.

நண்பர் சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவு புட்டி ஒன்றை எடுத்து அழுத்தினார். உள்ளே இருந்த வெள்ளைப் பொடி, உள்ளங்கைத் திருநீற்றை ஊதினாற்போல, மெல்லக் கிளம்பி இடப்பக்கமாக நகர்ந்தது. இந்த வேட்டையில் துப்பாக்கி கடைசியில்தான் வருகிறது. காற்றுவாக்குத்தான் முதலிலும் நடுவிலும். கயோட்டி கண்ணை நம்பாது, காதைப் பாதி நம்பும், மூக்கை முழுவதும் நம்பும். இரை கத்தும் சத்தம் கேட்டால் நேரே ஓடி வராமல், வட்டமடித்துக் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் வந்து மோந்து பார்த்த பிறகுதான் நெருங்கும். ஆகவே காற்று போகும் பக்கம் மறைவில்லாத வெட்டவெளியாக இருக்கும் இடத்தைப் பார்த்து, சூரியனை முதுகுக்கு வைத்து, புதரோடு புதராக உட்கார வேண்டும். ஒலிபெருக்கியை ஐம்பது கஜம் தள்ளி வைத்துவிட்டு வந்தேன். அடிபட்ட முயல் அலறும் சத்தம் அதிலிருந்து கிளம்பியபோது, பொய் என்று தெரிந்தும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கைக்குழந்தை அழுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பெரியப்பா: சிறுவயதில் ஏரிக்கரையில் நரிக்குறவர் ஒருவர் வாயாலேயே நரி ஊளையிட்டு, எதிர்க்கரை நரியைப் பதில் சொல்ல வைத்ததை நான் கேட்டிருக்கிறேன். அவருக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

நான்: நண்பரும் கழுத்தில் ஓர் ஊதுகுழல் தொங்கவிட்டிருந்தார், பெரியப்பா. இயந்திரத்தின் முயலைக் கேட்டு ஏமாந்து தப்பிய கயோட்டி மறுமுறை அதற்கு வராது, வாயால் ஊதினால் ஒவ்வொரு முறையும் வேறு முயல் என்பது அவர் கட்சி. ஓர் இடத்தில் பதினைந்து, இருபது நிமிடம் அசையாமல் உட்காருவோம்; வராவிட்டால் எழுந்து ஒரு மைல் தள்ளிப் போய் மறுபடியும் உட்காருவோம். இரண்டு நாளில் பதினோரு இடம். ஏழு இடங்களில் காக்கையும் மாக்பை என்ற கறுப்பு வெள்ளை வால் நீண்ட பறவையும் தவிர எதுவும் வரவில்லை.

சித்தி: உண்மையில் கயோட்டியைப் பார்த்தாயா, இல்லையா? அதைச் சொல்லாமல் காற்றையும் பொடியையும் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறாய்.

நான்: சித்தி, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். சனிக்கிழமை இரண்டாவது இடம் ஒரு மலை முதுகு. பன்னிரண்டாவது நிமிடத்தில் அது வந்தது. முதலில் புதருக்கு மேலே இரண்டு காது. பிறகு, ஓடுவதும் நடப்பதும் அல்லாத ஒரு துள்ளுநடையில், நுனி கறுத்த வாலைத் தாழ்த்திக்கொண்டு முழு உடல். எழுபது கஜம் வந்து நின்று எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பியது. நண்பரின் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதிந்தது. மலை முதுகில் சிக்னல் கிடைக்கும் என்பதை நான் நினைக்கவில்லை. பாறையில் எஃகுக் குடுவைக்கு ஒட்டி வைத்திருந்த என் கைப்பேசி அந்த நொடியில்தான் உயிர் பெற்று, குடுவையில் மோதி, தவில் வாசித்தாற்போல அதிர்ந்தது. திரையில் உங்கள் படமும் வீடியோ அழைப்பும். கயோட்டி இருந்த இடத்தில் தூசிதான் மிச்சம்.

சித்தி: ஐயோ! செவலைப் பசு கன்று போட்டிருந்தது; எல்லோருக்கும் காட்டலாம் என்று குழுவில் அழைத்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு நீ புதருக்குள் உட்கார்ந்திருப்பாய் என்று நான் கண்டேனா?

நான்: தவறு என்னுடையது, அணைத்து வைத்திருக்க வேண்டும். நண்பர் கோபப்படவில்லை. யார் அழைத்தது என்று கேட்டார், சித்தி என்றேன். அந்தக் கயோட்டி உங்கள் சித்திக்குக் கடன்பட்டிருக்கிறது என்றார். அதற்குப் பிறகு மாலை வரை என்னிடம் அவ்வளவாகப் பேசவும் இல்லை.

அக்கா மகள்: மாமா, நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன் என்பதால் கேட்காமல் இருக்க முடியவில்லை. சுட்டுக் கொன்றால் கயோட்டி குறையும் என்று உங்கள் நண்பர் நம்புகிறாரா? கலிபோர்னியாவில் 1975-இலேயே கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்டார்கள். ஆண்டுதோறும் நான்கில் மூன்று பங்கைக் கொன்றாலும் அந்த இனம் அழிய ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும் என்று வந்தது. எண்ணிக்கை குறைந்தால் மிஞ்சியவற்றுக்கு இரை கூடும், இளம் பெட்டைகளும் குட்டி போடும், குட்டிகளில் பிழைப்பவை அதிகமாகும். ஓநாய்களை அழித்ததால் காலியான இடத்தில் பரவி, இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் அது இருக்கிறது. பத்தாண்டுக் கணக்கில் வைத்த நஞ்சு மற்ற விலங்குகளையும் பறவைகளையும் கொன்றதால், 1972-இல் அதிபர் நிக்சன் மத்திய அரசு நிலத்தில் நஞ்சு வைப்பதையே தடுத்தார்.

நான்: அதையே நான் காரில் கேட்டேன், கண்ணு, உன்னைப் போல ஆண்டு சொல்லத் தெரியாமல். மான்குட்டியைக் காப்பாற்றுகிறேன், ஆட்டுக்காரருக்கு உதவுகிறேன் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, “நான் சுடுவதால் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கயோட்டியும் குறையாது, அப்பா கூட்டிக்கொண்டு வந்தார், எனக்கு இது பிடித்துவிட்டது, வேறு காரணம் சொன்னால் பொய்” என்றார். யார் அதிகம் கொல்வது என்று பரிசு வைத்து நடத்தும் போட்டிகளுக்கு அவர் போவதில்லை. பக்கத்துக் கலிபோர்னியா 2014-இலும் அரிசோனா 2019-இலும் அவற்றைத் தடுத்துவிட்டன. நெவாடாவில் இன்னும் தடுக்காததில் அவருக்கே வருத்தம். கொல்வதற்குக் காரணம் கற்பிக்கிறவரைவிட இப்படிச் சொல்கிறவரோடு உட்காருவது எனக்கு எளிதாக இருந்தது. ஆனால் அது உனக்குப் பதிலாகாது என்பதும் எனக்குத் தெரியும்.

அக்கா மகள்: பதிலாகாதுதான். கடைசியில் ஒன்றாவது விழுந்ததா?

நான்: விழுந்தது. ஞாயிறு காலை, ஒன்பதாவது இடம், நூற்றுப் பத்து கஜம், ஒரே தோட்டா. ஆண். தொங்கு தராசில் 13 கிலோ இருந்தது. பக்கத்தில் போனபோது நான் பார்த்தது, கால்விரல்களுக்கு நடுவே மயிரில் கோத்திருந்த பனிக்கட்டி மணிகள்; தேய்ந்து மழுங்கிய கோரைப்பல்; எப்போதோ கிழிந்து ஆறிய இடக்காது. மூக்கு இன்னும் ஈரமாக இருந்தது. ஜனவரியில் இணை சேரத் தொடங்கும் காலம் என்பதால் நண்பர் கொஞ்ச நேரம் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதும் வரவில்லை. பிறகு இருவரும் கையுறை போட்டுக்கொண்டோம், தெள்ளுப்பூச்சி நோய் கொண்டுவரும் என்பதால். நான் பின்னங்காலைப் பிடித்துக்கொள்ள, அவர் அரை மணியில் தோலை உரித்தார்.

மாமா: தோல் என்ன விலை போகும்?

நான்: கூலிக்குக் கட்டாது, மாமா. குளிர்ச்சட்டைத் தொப்பி விளிம்புக்கு இந்த மயிரை வைத்துத் தைப்பது ஒரு காலத்தில் பெரிய வழக்கம். கனடா கூஸ் என்ற பெரிய நிறுவனம் 2021-இல் இனி மயிர்த்தோல் வேண்டாம் என்று அறிவித்தது. விற்பதென்றால் பொறி வைத்துப் பிடிப்பவர்களுக்கான உரிமமும் வாங்க வேண்டும். அவர் பதப்படுத்தி வீட்டில் வைத்துக்கொள்கிறார். இறைச்சியை யாரும் தின்பதில்லை. சாலையிலிருந்து தள்ளிப் போட்டுவிட்டு வந்தோம். அதைத் தின்னும் பொன்னிறக் கழுகுக்கு ஈயம் ஏறக் கூடாது என்று அவர் செப்புத் தோட்டாதான் போடுகிறார்.

பெரியப்பா: காணும் பொங்கல் கழிந்து நான்கு நாள்தான் ஆகிறது. நம் பக்கத்து ஊர்களில் வங்காநரியை வலை போட்டுப் பிடித்து, கோவிலைச் சுற்றி ஓடவிட்டு, திரும்பக் காட்டில் விடுவதையே வனத்துறை குற்றம் என்று அபராதம் போடுகிறது. அங்கே சுட்டுத் தோல் உரிப்பதற்கு உரிமமும் வேண்டாம் என்கிறாய். எந்த ஊர் நரி கொடுத்து வைத்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா மகள்: நம் ஊர் நரிக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு, தாத்தா. ஒலிபெருக்கி வாங்கித் தரச் சொல்லிச் சின்னத் தாத்தா கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

மாமா: நான் விரட்டத்தான் கேட்க நினைத்தேன், அம்மா. பட்டியைச் சுற்றி முள் போட்டுக்கொள்கிறேன்.

அம்மா: அந்தக் காலணியை வீட்டுக்குள் கொண்டுவராதே. வெந்நீரில் துணியைத் தனியாக ஊறவை.

சித்தி: மறுபடியும் எப்போது போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடு, கண்ணு. அந்த நேரம் பார்த்துக் கன்றைக் காட்டுகிறேன்.