கமீலியா இலையில் பழுப்புத் திட்டு, செடிகளுக்குத் தடை: மருந்து அடிக்கலாமா?

மலைச்சரிவு:
கலிபோர்னியா, சோனோமா கவுண்டியில் ஒரு சின்ன நர்சரியில் மேற்பார்வை வேலை. போன மாதம் இன்ஸ்பெக்டர் வந்து கமீலியா இலைகளைப் பறித்துக்கொண்டு போனார். நேற்று ரிசல்ட் வந்தது: பைட்டோப்தோரா ரமோரம். இங்கே சடன் ஓக் டெத் (ஓக் மரங்களின் திடீர்ச் சாவு) என்கிறார்களே, அதே வியாதி. அந்த வரிசையில் ஒரு தொட்டியையும் நகர்த்தக் கூடாது என்று நாடா கட்டிவிட்டார்கள்.

இலையைப் பார்த்தால் நம்பவே முடியவில்லை. நுனியில் கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்பு, அதன் ஓரத்தில் கறுப்புக் கோடு, அவ்வளவுதான். பாதிச் செடிகளில் பூ இருக்கிறது. முதலாளி, "மெட்டலாக்சில் ஊற்று, சரியாகிவிடும்" என்கிறார், அது பூஞ்சைக்கு அடிக்கிற மருந்து. பின்னால் ஓடை, கரையில் பே லாரல் மரங்கள், மேலே சரிவில் ஓக் காடு. தண்ணீரும் ஓடையிலிருந்துதான் பம்ப் செய்கிறோம். மருந்து அடிக்கலாமா? ஓக் மரங்களையும் வெட்டச் சொல்வார்களா?

கூடலூர் மிளகு:
தம்பி, எங்கள் பக்கம் மிளகுக்கொடி திடீரென்று வாடிச் சாவதும் பைட்டோப்தோராவால்தான், வகை வேறு. மழைக்கு முன் ஒரு சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும்) அடித்துத் தூரிலும் ஊற்றுவோம். அதைச் செய்து பாருங்கள்.

ஈரமண்:
ஐயா சொல்வது சொந்தத் தோட்டத்துக்குச் சரி. விற்கிற செடிக்கு, அதுவும் குவாரண்டைனில் இருக்கும்போது, கூடவே கூடாது. மெட்டலாக்சில் கிருமியைக் கொல்லாது, அமுக்கி வைக்கும். இலை பச்சையாகத் தெரியும், செடி லாரி ஏறும், வாங்கியவர் வீட்டில் மழை பெய்ததும் திட்டு வரும். 2004-இல் தென் கலிபோர்னியா நர்சரி ஒன்றிலிருந்து கமீலியாக்கள் பல மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நோய் இருப்பதே தெரிந்தது. செடியை வாங்கியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனார்கள். உங்கள் விற்பனை ரசீதுகளையும் கேட்பார்கள், இப்போதே எடுத்து வையுங்கள்.

நோய் கண்ட செடியும், அதிலிருந்து 2 மீட்டருக்குள் இருக்கும், இந்த நோய் பற்றக்கூடிய இனங்களும் அழிவுக்குப் போகும். ரோடோடென்ட்ரான், வைபர்னம், பியெரிஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அடுத்த 10 மீட்டரில் இருப்பவை 90 நாள் அசையக் கூடாது, அந்த நாட்களில் இந்த வகை மருந்தும் கூடாது. கொளுத்தும் வெயில் நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம், வெயிலில் நோய் வெளியே தெரியாது. முதலாளியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்குச் சந்தேகம் உங்கள் ஓடை மேல்தான். இது பூஞ்சை மாதிரி இருக்குமே தவிர பூஞ்சை இல்லை, இதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும். பே இலையில் ஏராளமாக உருவாகி, மழைத்துளியோடு தெறித்து ஓடையில் விழும். நீங்கள் அதை ஸ்ப்ரிங்ளரில் இறைக்கிறீர்கள். ரோடோடென்ட்ரான் இலை நாலைந்தை வலைப்பையில் போட்டு ஓடையில் ஒன்றிரண்டு வாரம் மிதக்கவிட்டு, அதை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். தொட்டிகள் வெறும் மண்ணிலா, ஜல்லி மேலா?

மலைச்சரிவு:
வெறும் மண். தண்ணீர் தேங்கும்.

ஈரமண்:
அப்படியானால் மண்ணிலும் இருக்கும். 50 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் நீராவி விட்டுவிட்டு ஜல்லி பரப்புங்கள். உதிர்ந்த கமீலியா இலைகளைக் கூட்டிக் குப்பைமேட்டில் கொட்டாதீர்கள், அதுவே விதைநெல் மாதிரி.

ஓக்கை வெட்ட வேண்டாம். ஓக் பட்டையில் நோய் வந்தால் மரம் சாகும், ஆனால் அங்கிருந்து வேறு மரத்துக்குப் பரவாது. பே லாரல் நேர்மாறு: தான் சாகாமல் பக்கத்தில் நிற்பதைக் கொல்லும். நல்ல ஓக்குக்கு அருகில் உள்ள பே மரங்களை எடுத்துவிட்டு, ஓக் தண்டில் பாஸ்போனேட் என்ற தடுப்பு மருந்தைத் தெளிக்கலாம். அடிமரத்தில் கருஞ்சிவப்பாகக் கசியத் தொடங்கிய மரத்துக்கு அதுவும் பலிக்காது. வேலி ஓக் (valley oak), ப்ளூ ஓக் இரண்டுக்கும் இந்த நோய் வராது, அவற்றுக்குச் செலவழிக்காதீர்கள்.

டான்ஓக் தொழிலாளி:
ஆரிகன் மாநிலம், கர்ரி கவுண்டி காட்டில் வேலை பார்த்திருக்கிறேன். 2001-இல் அங்கே இந்த நோயைக் கண்டுபிடித்தார்கள். டான்ஓக் (ஓக்குக்கு உறவான மரம்) விஷயம் வேறு, அதன் இலை, கிளையிலேயே வித்து உண்டாகிப் பரவும். வெறுமனே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து தளிர் கிளம்பி, அந்தத் தளிரிலும் நோய் ஏறும். அதனால் முதலில் தண்டில் களைக்கொல்லி செலுத்திச் சாகவிட்டு, பிறகு வெட்டி எரிப்போம். சரிவில் டான்ஓக் இருக்கிறதா பாருங்கள். விறகை வெளியூர் கொண்டுபோகாதீர்கள், தடை இருக்கிறது. பூட்ஸ் சேற்றை அங்கேயே தேய்த்துக் கழுவிவிட்டு வண்டியில் ஏறுங்கள்.

மலைச்சரிவு:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். வலைப்பையில் போட்ட இலைகளில் நோய் உறுதி. பம்பை நிறுத்திவிட்டுக் கிணற்றுத் தண்ணீருக்கு மாறிவிட்டோம். 60 தொட்டி எரிந்தது. முதலாளி இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் ஜல்லிக்கு அவரே ஆர்டர் போட்டார். சரிவில் டான்ஓக் இல்லை. பே மரங்களைக் கோடையில், இலை காய்ந்திருக்கும்போது எடுக்கிறோம். 90 நாளில் இதுவரை 22 தான் கணக்கில் ஏறியிருக்கிறது.